விளக்கெண்ணெய் தடவியும் தோல் ஏன் விறைக்கிறது?

வாசகரின் கேள்வி: மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, மேற்பூச்சு எதுவும் இல்லாத தோலை வாங்கிப் பைகள் தைக்கிறேன். தோல் அட்டைபோல் விறைப்பாக இருந்ததால் விளக்கெண்ணெய் தடவினேன். மேற்புறம் கறுத்துப் பிசுபிசுக்கிறதே தவிர, விறைப்பு குறையவில்லை. ஆளிவிதை எண்ணெய்க்கு மாறலாமா? தண்ணீரில் கலக்கும் ‘டர்க்கி ரெட் ஆயில்’ உதவுமா?

நிபுணரின் பதில்: டர்க்கி ரெட் ஆயில் உதவும், ஆளிவிதை எண்ணெய் வேண்டாம். ஆனால் எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாது, அதைத் தோலுக்குள் செலுத்தும் முறையையும் மாற்ற வேண்டும். தோல் என்பது கொலாஜன் என்னும் புரதத்தாலான நுண்ணிய நார்களின் பின்னல். ஈரமாக இருக்கும்போது நார்களுக்கு இடையில் தண்ணீர் நிற்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன; தண்ணீர் வெளியேறியதும் அவை நெருங்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் காணும் விறைப்பு இந்த ஒட்டுதல்தான். அப்படி ஒட்டிய பிறகு மேலே எவ்வளவு எண்ணெய் தடவினாலும் அது நார்களைப் பிரிக்காது. தண்ணீர் இருந்த இடத்தில், தண்ணீர் போவதற்கு முன்பே எண்ணெய் சென்று அமர்ந்தால்தான் தோல் மென்மையாகும்.

விளக்கெண்ணெய்க்கு இன்னொரு தடையும் உண்டு. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். அந்த மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி) காரணமாக, இந்த எண்ணெய் சோயா போன்ற பிற விதை எண்ணெய்களைவிடப் பத்து மடங்கு வரை கெட்டியாக இருக்கிறது. அதனால் அது உள்ளே இறங்காமல் மேற்புறத்திலேயே தங்கித் தூசியைப் பிடிக்கிறது. உள்ளே செல்லவிடாமல் தடுக்கும் அதே ஹைட்ராக்சில் தொகுதிதான், எண்ணெயை மாற்றியமைக்க நமக்குக் கிடைக்கும் கைப்பிடியும் ஆகிறது. விளக்கெண்ணெயைக் குளிரவைத்துக் கிளறிக்கொண்டே அடர் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், சல்பேட் தொகுதி முதன்மையாக அந்த இடத்தில் இணைகிறது. மிஞ்சிய அமிலத்தை உப்புநீரால் கழுவி நீக்கி, காரம் சேர்த்து நடுநிலையாக்கினால் கிடைப்பதே டர்க்கி ரெட் ஆயில். பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் ‘டர்க்கி ரெட்’ என்ற சிவப்புச் சாய முறையில் பயன்பட்டதால் அப்பெயர் வந்தது. இதை வீட்டில் தயாரிக்க முயல வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வினையில் எழும் வெப்பம் கட்டுக்கு மீறினால் எண்ணெய் கருகும், அமிலம் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். தயாரித்ததையே வாங்குங்கள்.

இவ்வாறு மாற்றிய எண்ணெயின் ஒரு முனை தண்ணீரை நாடுகிறது, மறுமுனை எண்ணெயை நாடுகிறது. ஆகவே அது தண்ணீரில் பால்போல் விரவி, நார்களுக்கு இடையே உள்ள ஈரத்தின் வழியாகவே உள்ளே நுழைகிறது. தோல் தொழிற்கூடங்களில் இதற்கு ஃபேட் லிக்கர் ஏற்றுதல் என்று பெயர். சல்பேட் தொகுதி அதிகமானால் துளிகள் நுண்ணியவையாகி ஆழமாகச் செல்லும்; ஆனால் அளவு மீறினால் தோல் துவண்டு, தண்ணீரை உறிஞ்சும் தன்மையும் கூடிவிடும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மாற்றிய எண்ணெயோடு ஓரளவு மாற்றப்படாத எண்ணெயையும் சேர்க்கிறார்கள்: முன்னது சுமந்து செல்கிறது, பின்னது நார்களுக்கு வழுவழுப்பைத் தருகிறது. நான்கில் மூன்று பங்கு டர்க்கி ரெட் ஆயில், ஒரு பங்கு சாதாரண விளக்கெண்ணெய் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற விகிதம்.

இனி செய்முறை. தோலைக் காய்ந்த நிலையில் எடை போட்டு, அதில் 5 சதவீதம் எண்ணெய் என்று தொடங்குங்கள். 400 கிராம் தோலுக்கு 20 கிராம் எண்ணெய் தேவை. அதில் 15 கிராம் டர்க்கி ரெட் ஆயிலாக இருக்க வேண்டும். விற்பனையில் உள்ள டர்க்கி ரெட் ஆயிலில் தண்ணீரும் கலந்திருக்கும் என்பதால், புட்டியில் 50 சதவீதம் என்று குறித்திருந்தால் 30 கிராம் எடுக்க வேண்டும். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில், வெட்டுமுனையின் நடுப்பகுதி வரை ஈரம் ஏறும்படி ஊறவைத்துப் பிழியுங்கள். எண்ணெய்க் கலவையில் ஐந்து மடங்கு வெந்நீரை மெல்ல ஊற்றிக் கலக்கி, அது 40 டிகிரிக்கு ஆறியபின் தோலை அதிலிட்டு, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விடாமல் புரட்டுங்கள். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோல் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மென்னீரையே பயன்படுத்துங்கள், ஏனெனில் கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பால்மத்தை, அதாவது பால்போல் விரவிய கலவையை, உடைத்து எண்ணெயை மேற்புறத்திலேயே விட்டுவிடும். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. இரும்பு பட்ட இடமெல்லாம் பட்டைச் சாற்றின் துவர்ப்பொருளோடு சேர்ந்து நீலக்கறுப்பாகிவிடும், அந்தக் கறையை நீக்குவது மிகக் கடினம்.

பால்போன்ற நீர் தெளிந்துவருவது, தோல் எண்ணெயை எடுத்துக்கொண்டதற்கு அடையாளம். கடைசிவரை தெளியாவிட்டால், பத்து மடங்கு நீர் சேர்த்த பார்மிக் அமிலத்தைக் கையுறை அணிந்து சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, அமிலத்தன்மையை பி.எச். 3.5 முதல் 4 வரை கொண்டுவாருங்கள்; பால்மம் முறிந்து எண்ணெய் நாரில் தங்கும். பிறகு அலசி, நிழலில் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். முழுவதும் காய்வதற்கு முன், தொட்டால் குளுமை தெரியும் பதத்தில், மழுங்கிய விளிம்பின்மேல் இழுத்து இழுத்து நெகிழ்த்துங்கள். பலர் சலித்துக்கொண்டு விட்டுவிடும் வேலை இதுவே. ஆனால் மென்மையில் பாதி இங்கேதான் உருவாகிறது. முதலில் ஒரு சிறு துண்டில் எல்லாவற்றையும் செய்துபார்த்து, போதாவிட்டால் எண்ணெயை ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டுங்கள்.

ஆளிவிதை எண்ணெயை நான் மறுப்பதற்குக் காரணம் அதன் அயோடின் எண், அதாவது எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன என்பதைக் காட்டும் அளவு. விளக்கெண்ணெய்க்கு அது 82 முதல் 90 வரை. ஆளிவிதைக்கு 170க்கு மேல். அத்தனை இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாகிவிடும். வண்ணப்பூச்சுக்கு அது நற்குணம், மடங்கி நிமிரும் தோலுக்குக் கேடு. அதைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும். குரோம் தோலில் இன்னொரு அபாயமும் சேர்கிறது: ஆக்சிஜனேறிய எண்ணெய், தீங்கற்ற மூவிணைதிறக் குரோமியத்தை நச்சுத்தன்மை கொண்ட அறுவிணைதிறக் குரோமியமாக மாற்ற உதவுகிறது. உடலில் படும் தோல் பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

ஏற்கெனவே கறுத்த தோலின்மேல் கயோலின் என்னும் வெண்களிமண் தூளைத் தூவி ஓரிரு நாள் வைத்துத் துடைத்தால் பிசுபிசுப்பு குறையும்; நிறம் முழுவதும் திரும்பாது, ஆகவே அத்துண்டுகளை அடர்நிறப் பைகளுக்கு ஒதுக்குங்கள். தைத்து முடித்த பையைப் பராமரிக்க டர்க்கி ரெட் ஆயிலைத் தடவாதீர்கள். தண்ணீரை நாடும் அதே குணத்தால், மழையில் நனையும்போது அது தண்ணீரை உள்ளே இழுத்து, எண்ணெயையும் சாயத்தையும் வெளியே கொண்டுவந்துவிடும். அதற்குத் தேன்மெழுகு கலந்த, மாற்றப்படாத எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுவதே ஏற்றது.