பெடல் உதைத்தால் காலை எடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வேலைக்குத் தினமும் புதுச்சேரிக்குக் காரில் போய்வருகிறேன். போன மழையில் ரெட்டிச்சாவடி தாண்டிப் போகும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் ‘டர்ர்ர்’ என்று காலை உதைத்தது, கீழே ஏதோ உடைகிற மாதிரி சத்தம். பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டேன். நல்லவேளை, மாடு நகர்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் “எல்லாம் கரெக்டா இருக்கு சார்” என்கிறார்கள். அப்புறம், கார் வழுக்குவது போலப் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அவ்வப்போது மினுக்குகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் மணலில் மாட்டிக்கொண்டபோது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியும் இன்ஜின் எழும்பவே இல்லை. இதெல்லாம் அந்த டிராக்‌ஷன் கன்ட்ரோலால்தான் என்று நண்பர் சொல்கிறார். அதை ஒரேயடியாக ஆஃப் செய்துவிட்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். மணலில் மாட்டிய அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் ஆஃப் செய்யலாம். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரிதான், உங்கள் பிரேக்கில் கோளாறு இல்லை. காலை எடுத்ததுதான் ஆபத்து.

முதலில் அந்த உதைப்பு. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும், ஹப் பக்கத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தையோ காந்த வளையத்தையோ பார்த்து, சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் டயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கப் பார்க்கும். கார் இன்னும் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் சாதனம், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வைத் திறந்து குறைக்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி அழுத்தம் கொடுக்கும். ஒரே விநாடியில் பல தடவை இது நடக்கிறது. வால்வு திறந்து மூடுவதும், பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளுவதும்தான் உங்கள் பாதத்தில் உதைப்பாகவும் காதில் சத்தமாகவும் வந்தது.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், ஸ்டீயரிங்குக்காக. பூட்டிக்கொண்ட முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் வழுக்கிக்கொண்டு போகும். சுற்றுகிற சக்கரம்தான் திரும்பும். மாடு நகராமல் அங்கேயே நின்றிருந்தால், பிரேக்கை முழுசாக அழுத்தியபடியே ஸ்டீயரிங்கை ஒடித்து விலகியிருக்கலாம். ஏபிஎஸ் உங்களுக்குக் கொடுப்பது அந்த வசதியைத்தான். நீங்கள் காலை எடுத்த கணத்தில் பிரேக்கே இல்லாமல் போய்விட்டது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். அரை விநாடி தயங்கினால் 8 மீட்டர், அதாவது இரண்டு கார் நீளம், பிரேக் இல்லாமல் ஓடியிருக்கும்.

பழைய டிரைவர்கள் “விட்டு விட்டுப் பிடிப்பா” என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏபிஎஸ் இல்லாத அம்பாசிடர் காலத்தில் அது சரியான பாடம். இந்தியாவில் புதிதாக விற்கும் பயணிகள் கார்களுக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம். இருந்தும் சில டிரைவிங் ஸ்கூல்களில் இன்னும் பழைய பாடம்தான் ஓடுகிறது. உங்கள் காரில் அந்த ‘விட்டு விட்டு’ வேலையை எந்தக் காலாலும் முடியாத வேகத்தில் கார் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் ஓங்கி மிதியுங்கள், மிதித்தபடியே இருங்கள். கியர் வண்டி என்றால் கிளட்ச்சையும் சேர்த்து அழுத்துங்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, கால் பழக வேண்டும். மழை விட்ட ஒரு காலை நேரம், முன்னும் பின்னும் வண்டி வராத நேரான இடத்தில், 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். உதைக்கும், சத்தம் போடும், கார் நேராக நிற்கும். நாலைந்து முறை செய்தால் பயம் போய்விடும். வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை ஓட்டினால் அவர்களையும் மிதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது மினுக்கும் விளக்கு. டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கென்று தனியாகப் பெரிய சாமான் எதுவும் இல்லை. அதே சென்சார்கள், அதே பம்ப். ஏபிஎஸ் பார்ப்பது சக்கரம் நின்றுபோகிறதா என்று, இது பார்ப்பது சக்கரம் வீணாகச் சுற்றுகிறதா என்று. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், இன்ஜினின் இழுவையைக் குறைக்கும், தேவைப்பட்டால் சுற்றுகிற சக்கரத்தில் மட்டும் லேசாகப் பிரேக் போடும். அதன் அண்ணன் இஎஸ்பி என்கிற இஎஸ்சி. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, வளைவில் கார் சுழன்றுவிடாமல் காப்பாற்றும். 1995இல் மெர்சிடிஸ் காரில் வந்தது, இன்று சாதாரண விலைக் கார்களிலும் இருக்கிறது. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான்.

அது மினுக்கினால் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், பழுது என்று அல்ல. இந்த இடத்தில் சாலை வழுக்குகிறது என்று கார் உங்களிடம் சொல்கிறது. எங்கே மினுக்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். மழையில் சிக்னலில் இருந்து வேகமாகக் கிளம்பும்போது வரலாம், பாலத்து இரும்பு இணைப்புகளின் மேல் வரலாம். அறுவடை நாட்களில் நம் மாவட்டத்துச் சாலைகளில் நெல்லும் கம்பும் காயப் போட்டிருப்பார்களே, அங்கேயும் வரும். உளுந்துச் செடியை அப்படியே ரோட்டில் பரப்பி, போகிற வண்டியே அடித்துக் கொடுக்கட்டும் என்று விடுவதும் உண்டு. தார் மேல் சிதறிய தானியம் டயருக்கு அடியில் உருளும், அங்கே பிரேக் போட்டால் ஏபிஎஸ் கதறும், கார் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். தளர்ந்த மணலிலும் ஜல்லியிலும் இதே கதை. தானியம் தெரிந்தவுடனே, அதன்மேல் ஏறுவதற்கு முன்னால், வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விவசாயியைத் திட்டுவது அப்புறம்.

ஏனென்றால் இந்தச் சாதனங்கள் எதுவும் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் செலவு செய்கின்றன, அவ்வளவுதான். பிடிமானம் வருவது டயரில் இருந்து, ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவதோ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு, 40இல் போகிற கார் நிற்பதைப் போல நான்கு மடங்கு தூரம் வேண்டும். எந்த ஏபிஎஸ்ஸும் அந்தக் கணக்கை மாற்றாது. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். தேங்கிய தண்ணீரின் மேல் மொட்டை டயர் மிதக்க ஆரம்பித்துவிட்டால், எந்த சென்சார் என்ன கண்டுபிடித்தும் பயன் இல்லை.

மீட்டர் போர்டில் விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தால் விஷயம் வேறு. ஏபிஎஸ் என்று எழுதிய மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இல்லை. அன்றைக்கு மட்டும் அந்தப் பழைய டிரைவரின் பாடம் பொருந்தும். மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டுங்கள். ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால், அதுவும் மஞ்சளோடு சேர்ந்து எரிந்தால், ஓரம் கட்டுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். இன்ஜின் விளக்கும் வழுக்கல் விளக்கும் ஒன்றாக வந்தால், பெரும்பாலும் கோளாறு இன்ஜினில்தான் இருக்கும். இழுவையைக் குறைக்க இன்ஜினை நம்ப முடியாததால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானே ஒதுங்கிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. ஸ்கேனர் போட்டு எந்தச் சக்கரம், பழுதுக்கு என்ன கோட் காட்டுகிறது என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் சென்சார் கோளாறுக்கு வழக்கமான காரணங்கள் சில. உப்புக் காற்றில் ஹப் துருப்பிடித்து, சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே துரு அடைவது. வெள்ளத் தண்ணீரில் ஓட்டிய பிறகு கனெக்டரில் ஈரம். எலி கடித்த வயர். வீல் பேரிங் மாற்றும்போது காந்த வளையம் உள்ள பக்கத்தைத் தலைகீழாகப் பொருத்திவிடுவது. அப்புறம், ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர். சின்ன ஸ்டெப்னி மாட்டினாலும் அந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதாகக் கார் நினைத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் ராத்திரி நின்ற காரில் காலையில் டிஸ்க் மேல் செம்மஞ்சள் துரு தெரிந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். முதல் சில பிரேக்கில் உரசிப் போய்விடும். பிரேக் ஆயில் மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும் என்றால், ஈரம் ஏறிய பிறகு 140லேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும்.

சரி, மணலுக்கு வருவோம். இரண்டு முன்சக்கரமும் மணலில் சுற்றப் பார்த்தது, அதனால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜினைக் கட்டிப்போட்டது. மணலில் ஓரளவு சுற்றினால்தான் கார் நகரும், இந்த ஓர் இடத்தில் அந்த உதவி உபத்திரவம். சுவிட்சை அழுத்துங்கள். சில கார்களில் லேசாகத் தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும், சில விநாடி அழுத்திப் பிடித்தால் இஎஸ்பியும் சேர்ந்து அணையும். கையேட்டைப் பாருங்கள். ஏபிஎஸ்ஸை அந்த சுவிட்ச் தொடாது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் சேற்றில், மற்றது கெட்டித் தரையில் என்றால் ஆஃப் செய்யாதீர்கள். சேற்றுச் சக்கரத்தில் பிரேக் போட்டு இழுவையை மற்றதற்கு அனுப்புவது அதே சாதனம்தான்.

மணலில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சக்கரம் குழி தோண்டிக்கொண்டு இறங்கும். கார் அமிழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வாரி எடுத்துவிட்டு, தென்னை மட்டையோ காரின் மிதியடியோ டயருக்கு அடியில் செருகுங்கள். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகன்று பரவும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வருவது பல நேரம் இன்னும் சுலபம். தார் ரோட்டுக்கு ஏறியதும் சுவிட்சைத் திரும்ப ஆன் செய்துவிட்டு, பக்கத்து பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போய், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.