மூடப்பட்ட ஆலயத்தின் பழைய பைப் ஆர்கனை ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் சேகரக் குழுவில் இருக்கிறேன். மூடப்பட்ட வேறோர் ஆலயத்திலுள்ள 1870-களைச் சேர்ந்த, 12 ஸ்டாப்புகள் (ஒவ்வொன்றும் ஒரே வகை ஒலி தரும் குழல் வரிசை) கொண்ட பைப் ஆர்கனை எங்களுக்கு இலவசமாகத் தர முன்வந்திருக்கிறார்கள். மூன்று மாதங்களுக்குள் எடுத்துச் செல்ல வேண்டுமாம். ஏற்கலாமா? சுருதியை இக்காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா?

பதில்: ஏற்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைப்பது கருவி மட்டுமே. பிரிப்பது, ஏற்றிவருவது, துருத்தியின் தோலை மாற்றுவது, மீண்டும் நிறுவுவது ஆகிய அனைத்துக்கும் செலவு உங்களுடையது. அதைவிட முக்கியமாக, அந்தக் கருவி உங்கள் கட்டடத்துக்குப் பொருந்துமா என்பதை ஒரு குழலைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இடம் மாறிய விக்டோரியா கால ஆர்கன்களில் புகழ்பெற்றது வின்செஸ்டர் பேராலயத்தில் இருப்பது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்காக, அப்போது 30 வயதே ஆகியிருந்த ஹென்றி வில்லிஸ் 70 ஸ்டாப்புகளுடன் அதைக் கட்டினார். பேராலயத்தின் ஆர்கன் கலைஞரான சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியின் முயற்சியால் வாங்கப்பட்ட அந்தக் கருவி, 1854-இல் 49 ஸ்டாப்புகளாகக் குறைக்கப்பட்டு அங்கே ஒலிக்கத் தொடங்கியது. புதிய இடத்துக்கேற்ப அதைக் குறைத்தவர் அதைக் கட்டிய வில்லிஸே என்பதைக் கவனியுங்கள். எதை எடுத்தால் கருவியின் இயல்பு கெடாது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு வரும் ஆர்கனைக் கட்டியவர் இன்று இல்லை. ஆகவே மாற்றம் எதுவும் தேவைதான் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு மாற்ற விரும்புகிறவருடையது.

முதலில் இடத்தைப் பாருங்கள். விக்டோரியா காலத்தில் பாடகர் குழு மேற்கு மாடத்திலிருந்து பீடத்தருகே இடம் மாறியபோது, ஆர்கனும் அதனுடன் நகர்ந்து, பக்கவாட்டில் கட்டப்பட்ட சிற்றறைக்குள் அடங்கிவிட்டது. அந்த அறைக்குள்ளிருந்து சபை அமரும் பகுதியை எட்ட வேண்டும் என்பதற்காகவே பல ஆர்கன்களின் குழல்கள் உரக்க ஒலிக்குமாறு அமைக்கப்பட்டன. அதே கருவியை உங்கள் ஆலயத்தின் மேற்குச் சுவரோரம் திறந்தவெளியில் வைத்தால், ஒலி தெளிவாகப் பரவும் என்றாலும் அளவுக்கு மீறித் தோன்றக்கூடும். அப்போது குழலின் வாயை (ஒலி பிறக்கும் கீறலை) வெட்டியோ அடித்துளையைத் திருத்தியோ ஒலியைத் தணிக்கச் சிலர் முன்வருவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் 150 ஆண்டுகளாக நிலைத்திருக்கும் குரல் அந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் இருக்கிறது. வெட்டியதை ஒட்ட முடியாது. இடத்தை மாற்றிப் பாருங்கள், குழலைத் தொடாதீர்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 16 அடி ஸ்டாப்பின் மிகப் பெரிய திறந்த குழல் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். மேல்முனை மூடிய குழல் என்றால் அதில் பாதி போதும்.

குழல்களுக்குக் காற்றூட்டும் துருத்தியின் மடிப்புகளில் ஒட்டியுள்ள செம்மறியாட்டுத் தோல் பெரும்பாலும் உலர்ந்து வெடித்திருக்கும். புதுத் தோலை விலங்குப் பசையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும் என்பதால், அடுத்த தலைமுறை அதைச் சேதமின்றிப் பிரித்தெடுக்க முடியும். செயற்கைப் பசையில் அந்த வசதி கிடையாது. குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் பலகையில் விரிசல் இருந்தால், ஒரு குழலுக்குரிய காற்று அடுத்ததற்குக் கசிந்து, தொடாத சுரமும் முனகும். குளிர்காலத்தில் திடீரென வெப்பமூட்டும் ஆலயங்களில் இந்தக் கேடு அதிகம். உங்கள் வெப்பமூட்டும் முறையை மாற்றாமல் பலகையை மட்டும் பழுதுபார்த்தால் சில ஆண்டுகளில் அதே விரிசல் திரும்ப வரும்.

சுருதியைப் பொறுத்தவரை, விக்டோரியா கால இங்கிலாந்தில் சுருதி சேர்க்க அடிப்படையாகும் ‘ஏ’ என்ற சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள் வரை உயர்ந்திருந்தது. இன்றைய வழக்கு 440. வேறுபாடு ஓர் அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி. பாமாலைகளுக்கு ஆர்கன் மட்டும் இசைக்கும் சபையென்றால் உயர்ந்த சுருதியை அப்படியே விட்டுவிடலாம். பியானோவும் வயலினும் சேர்ந்து இசைப்பது வழக்கமென்றால், குழலின் மேல்முனையில் நகரும் உலோகப் பட்டை பொருத்தி நீளத்தைக் கூட்டலாம். வேண்டாமென்றால் பின்னாளில் கழற்றிவிடலாம்.

அனுமதிக்குத் திருமண்டல ஆர்கன் ஆலோசகரை முதலில் அணுகுங்கள். உங்கள் ஆலயத்துக்குள் ஆர்கனைக் கொண்டுவர ‘ஃபேகல்டி’ எனப்படும் திருச்சபை அனுமதி ஆணை தேவை. தேசிய பைப் ஆர்கன் பதிவேட்டில் கருவியின் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டிஷ் ஆர்கன் ஆய்வுக் கழகம் அதற்கு வரலாற்றுச் சான்றிதழ் அளித்திருந்தால் கட்டுப்பாடுகள் கூடும். நிதி கேட்கும்போது அதுவே உங்களுக்குத் துணையாகும்.

மூன்று மாதக் கெடு எனக்குக் கவலை தருகிறது. ஆணை கிடைத்து, இடம் தயாராகும் முன்பே பிரித்துவிட்டால், குழல்கள் ஈரமான கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நசுங்கும். எனவே கெடுவை நீட்டித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். அதற்குள் ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து, உள்ளமைப்பை எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, குழல்களின் மேலுள்ள பழைய எழுத்துகளை அழியாமல் பதிந்துவைப்பது உங்கள் குழுவே செய்துவிடக்கூடிய வேலை.