பன்றி வராத கேமரா

வணக்கம் அக்கா,

நான் மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். வனவிலங்குச் சூழலியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். செம்பனையும் காடும் சேரும் எல்லையில் காட்டுப்பன்றிகளின் நடமாட்டம்தான் தலைப்பு. ஐந்து மாதமாகக் கேமரா கட்டி வைத்திருக்கிறேன். முள்ளம்பன்றி வருகிறது, மரநாய் வருகிறது, காட்டுப்பன்றி மட்டும் விரல்விட்டு எண்ணும்படிதான் வருகிறது. தலைப்பை மாற்றலாமா என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். "பன்றி எண்ணவா இவ்வளவு படிச்சே, டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு" என்கிறார் அம்மா. தாத்தாவோ, "இப்ப ஏது பன்றி, அதெல்லாம் முன்னே" என்று சிரிக்கிறார். தொடர்வதா, விடுவதா? நீங்களும் இந்த ஊர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி, பகாவ்

அன்புத் தங்கைக்கு,

ஊர்ப் பிள்ளை, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். விடாதேம்மா. நீ சிரிப்புக்காகச் சேர்த்த தாத்தாவின் வரிதான் உன் கடிதத்திலேயே எனக்குப் பெரிதாகப் பட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து சிம்பாங் பெர்த்தாங் பக்கம் போனால் பாசோ வனக்காப்பகம். மூன்று பக்கமும் செம்பனை. 1990களில் கேலன் இக்கஸ் என்பவர், உன்னைப் போல ஆய்வு மாணவராக, அங்கே நடந்து நடந்து பன்றிகளைக் கணக்கெடுத்தார். 1996-ல் சதுர கிலோமீட்டருக்கு 47, 1998-ல் 27 என்று வந்தது. ஒரு மழைக்காட்டுக்கு இது மிக மிக அதிகம். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். காட்டு மரங்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் சேர்ந்தாற்போல் காய்க்கும், செம்பனை வருஷம் முழுக்கப் பழுக்கும். பிடித்துத் தின்னப் புலியும் அங்கே இல்லாமல் போய்விட்டது.

பன்றிக் கூட்டை நான் பத்து வயதில் பார்த்தேன். அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிய நிரையின் கடைசியில், காட்டை ஒட்டி இருந்தது. குட்டி போடும் முன் தாய்ப்பன்றி இளங்கன்றுகளைக் கடித்து ஒடித்து இழுத்து வந்து குவிக்கும். இடுப்பு உயரக் குவியல். ஒடிந்த முனைகள் கட்டைவிரல் மொத்தம், இலை வாடவே இல்லை, பச்சை வாசனை. "கிட்ட போகாதே, உள்ளே இருக்கும்" என்று அம்மா தோளைப் பிடித்து இழுத்தார். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள் போகும். நாளைக்குக் காட்டு மரமாக வேண்டியவை அவை. செம்பனை எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காட்டுக்குள்ளேயும் கன்றுகள் 62 விழுக்காடு குறைந்ததாக 2017-ல் வந்த பாசோ ஆய்வு சொன்னது. நம் ஆட்கள் நட்ட செம்பனையின் பழம் பன்றி வயிற்றில் ஏறிப்போய்க் காட்டின் கன்றை ஒடிக்கிறது. அதனால் உன் கேள்வி தொடங்குவது காட்டில் அல்ல, நம் நிரைகளில்.

சரி, இப்போது பன்றி எங்கே? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-ல் சபாவில் கண்டறியப்பட்டு, பிறகு நாம் இருக்கும் தீபகற்ப மலேசியாவுக்கும் வந்தது. வளர்ப்புப் பன்றியைப் போலவே காட்டுப்பன்றியையும் கொல்லும் நோய். உன் எல்லையில் நடந்தது அதுதான் என்று நான் சொல்லிவிட முடியாது, நீயும் சொல்லிவிடாதே. ஆனால் பன்றி வராத ஐந்து மாதமும் ஒரு பதிவுதான். உன்னிடம் இல்லாதது அந்த ஐந்து மாதத்துக்கு முந்திய காலத்தின் பதிவு. அது எந்தக் கேமராவிலும் இல்லை, தாத்தாவிடம் இருக்கிறது.

அவரிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தடுமாறுவார். கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சில் வந்ததே, அதற்கு முன்னா பின்னா என்று கேள். மறுநடவுக்கு முன்னா, பேத்தி எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதிய வருஷமா, தோட்டத்துக் கோயில் திருவிழா நின்றுபோன வருஷமா என்று கேள். பழைய மண்டோர் (கங்காணி), செம்பனைக் குலை அறுத்தவர்கள், உதிரிப்பழம் பொறுக்கிய பெண்கள் எல்லோரையும் தனித்தனியாகப் பார். பெண்களை விட்டுவிடாதே, குனிந்து வேலை செய்தவர்களுக்குத்தான் குளம்புத் தடம் கண்ணில் படும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டமாக வைத்துக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். காய்ச்சல் என்ற சொல்லை நீயாக எடுத்துக்கொடுக்காதே. நினைவு தவறும், உண்மைதான். ஆனால் ஒருவரோடொருவர் கலந்து பேசாத எட்டுப் பேர் ஒரே காலத்தைக் காட்டினால் அதை மேற்பார்வையாளர் முன் தைரியமாக வைக்கலாம். மனிதர்களிடம் பேட்டி எடுக்கப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் தனியாக வேண்டும், அதை முதலில் வாங்கிக்கொள்.

கேமராவைப் பற்றியும் ஒன்று. புலியை வரியை வைத்து ஆள் ஆளாகப் பிரிக்கலாம், பன்றியில் அது முடியாது. ஆகவே படத்தை மட்டும் நம்பாமல் கூடு, சேற்றுக்குழி, கிளறிய மண் எல்லாவற்றையும் குறித்து வை. செத்த பன்றியைக் கண்டால் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல். காலணியைக் கழுவாமல் அடுத்த இடத்துக்குப் போகாதே, நோய் மண்ணோடு ஒட்டிப் போகும். அப்புறம், எல்லைக் கேமராவில் மனிதர்களும் விழுவார்கள், விறகுக்கும் கீரைக்கும் போகிறவர்கள். அந்தப் படங்களை யாருக்கும் காட்டாமல் அழித்துவிடு. யாருடைய வேலையும் அதனால் போய்விடக் கூடாது.

என் சிறு வயதில் எங்கள் லயத்துக்கு ஆராய்ச்சி என்று சிலர் வந்தார்கள். அப்பா மூன்று நாள் சம்பளத்தை விட்டு அவர்களோடு சுற்றினார். என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. அப்பா பல வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ ஆய்வேட்டை முடித்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வாசித்துக் காட்டு. அம்மாவை முன்வரிசையில் உட்கார வை. பன்றி எண்ணுவது என்றால் என்னவென்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் சித்தப்பா முப்பது வருஷம் காட்டோரப் பிளாட்டில் குலை அறுத்தவர். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில்தான் இருப்பார். நோட்டுப் புத்தகத்தோடு வா, நான் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா