மேல்மலையில் விழுந்த விமானம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது. யுத்த காலத்தில் சோலைக்குள் ஒரு விமானம் விழுந்ததாகவும், ஊர்க்காரர்கள்தான் உடல்களை டோலி கட்டி இறக்கியதாகவும் தாத்தா சொல்வார். அதன் தகடு ஒன்று எங்கள் வீட்டுப் பூண்டுப் பரணில் கிடக்கிறது. ஊர் வரலாறு எழுதப்போகிறோம். அது என்ன விமானம், இறந்தவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதல் வேலையாக, அந்தத் தகட்டை யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட்டும் மங்கிய எழுத்துகளும்தான் உங்களுக்குச் சாட்சி. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். ‘அல்கிளாட்’ என்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கத் தகடு. கிரீடமும் ‘ஏ.எம்.’ எழுத்துகளும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. எண் ஏதாவது இருந்தால் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கன்சாலிடேடட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் மாடல் எண் 32, கேட்டலினா கடல் விமானத்துடையது 28. பாகங்களின் எண்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். ஆனால் அமெரிக்கத் தகடு என்பதால் ஓட்டியவர்களும் அமெரிக்கர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் படைகளிடம் அமெரிக்க விமானங்கள் ஏராளம்.

அடுத்தது தேதி. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “குறிஞ்சி பூத்ததற்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேளுங்கள். 2018, 2006 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னே போனால் 1946 வரும். போர் முடிந்தது 1945-இல். அதனால் யுத்த கால விமானம் என்றால் அந்தப் பூப்புக்கு முன்னாடிதான் விழுந்திருக்க வேண்டும். தமிழ் வருடப் பெயர் நினைவிருந்தால் இன்னும் நல்லது. சுபானு என்றால் 1943–44, தாரண என்றால் 1944–45. அப்போது காட்டில் என்ன வெள்ளாமை நின்றது, மழையா மூடுபனியா, வீட்டில் எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று கேட்டால் மாதம்கூடப் பிடிபடும். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். திண்ணையில் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதே மற்றவர் நினைவாகவும் ஆகிவிடும்.

மாதம் தெரிந்தாலே போதும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நாடு இந்தியா, படை விமானப்படை என்று கொடுத்து, ஒரே தேதியில் இறந்த பல பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தென்னிந்தியாவில் பல இடங்களில் புதைக்கப்பட்டிருந்தவர்களைப் பிற்பாடு சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். அங்கே 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப்போர் கல்லறைகள் உள்ளன. உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் இருக்கும். விமானப்படையில் எதுவும் சிக்கவில்லையென்றால் கடற்படையைப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கோயம்புத்தூரிலும் சூலூரிலும் அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்கள்தான் நிறைய.

இறந்தவர்களின் ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண் கிடைத்ததும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையைத் தேடுங்கள். அது ஸ்குவாட்ரன்களின் தினப்பதிவு. எங்கிருந்து கிளம்பியது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

விழுந்த இடத்தைப் பார்க்க ஆசை வரும். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் சோலைக்குள் போகாதீர்கள். அனுமதியோடு போனாலும் எதையும் தோண்டாதீர்கள். தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் தொடாமல் திரும்பிவந்து போலீசுக்குச் சொல்லுங்கள். அந்த விமானத்தின் மீட்டர் முகப்பு ஏதாவது யார் வீட்டிலாவது இருந்தால் சுரண்டவோ திறக்கவோ வேண்டாம். அந்தக் காலத்தில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் பூசினார்கள். ஒளி மங்கிப்போயிருக்கும், கதிரியக்கம் போயிருக்காது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள்.

கல்லறைப் பதிவில் பல நேரம் வயதும் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் இருக்கும். அவற்றையும் உங்கள் புத்தகத்தில் போடுங்கள். டோலி தூக்கியவர்கள் யார் யார் என்று தாத்தா காலத்து ஆட்கள் யாருக்காவது நினைவிருந்தால், அந்தப் பெயர்களும் அதே பக்கத்தில் வரட்டும்.