பிரான்சின் சிற்றூரில் தம்பதியின் மரணம்: தகனத்துக்கு ஏன் அவசரப்படக் கூடாது?

கேள்வி: நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். என் மனைவி ஆங்கிலேயர். அவருடைய தந்தையும் (74), தந்தையின் இரண்டாவது மனைவியும் (69) பதினொரு ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் தோர்தோன் மாவட்டத்தில் ஒரு குக்கிராமத்தில் பழைய கல்வீடு வாங்கிக் குடியேறினார்கள். மூன்று வாரங்களுக்கு முன், ஜனவரிக் குளிரில், இருவரும் வீட்டுக்குள் இறந்து கிடந்ததை அண்டைவீட்டுப் பெண்மணி பார்த்துத் தகவல் சொன்னார். உடற்கூறாய்வு முடிந்துவிட்டது என்கிறார்கள். காரணத்தைச் சொல்லவில்லை, உடல்களையும் தரவில்லை. சிற்றன்னையின் முதல் திருமணத்து மகன், உடல்கள் கிடைத்ததும் அங்கேயே தகனம் செய்துவிடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா? வீடு யாருக்குச் சேரும்?

பதில்: உங்கள் மனைவிக்கு என் இரங்கலைத் தெரிவியுங்கள். தகனத்துக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். தகனத்தையும் வீட்டையும் இரு வேறு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த இருவரில் யார் முதலில் இறந்தார், எப்படி இறந்தார் என்பது தெரிந்தால்தான் இரண்டுக்கும் முழு விடை கிடைக்கும். அதைச் சொல்லக்கூடிய சான்றுகளுள் முதன்மையானவை அந்த இரண்டு உடல்கள்.

அதிகாரிகளின் மௌனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கிராமப்புறங்களில் காவல் பணியைச் செய்வது ஜெண்டார்மரி. இறப்புக்கான காரணம் தெரியாமலோ ஐயத்துக்கிடமாகவோ ஓர் உடல் கண்டெடுக்கப்பட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அவர்கள் உடனே அரசு வழக்குத்தொடுநருக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு விசாரணை அவருடைய கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. விசாரணை இரகசியம் அங்கே சட்டக் கடமை என்பதால், வழக்கைப் பற்றிப் பொதுவெளியில் பேசும் உரிமை பெரும்பாலும் வழக்குத்தொடுநருக்கு மட்டுமே உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் காவலர் உங்களிடம் வாய் திறக்காததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே கயிறு, அதன் முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு, பக்கத்தில் கையெழுத்திட்ட ஒரு சீட்டு என்று பார்ப்பதற்கு நம் ஊர்த் தாலுகா அலுவலகத்துப் பழைய கட்டுகளைப் போலத்தான் இருக்கும். அதை உடைத்தால் இரண்டு ஆண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கும் ஜெண்டார்மரிக்கு எழுதி, அவர்கள் உடன் வரத்தான் உள்ளே போக வேண்டும். 1952 ஆகஸ்டில் தென்கிழக்குப் பிரான்சின் லூர்ஸ் கிராமத்தருகே ஜாக் டிரம்மண்ட் என்ற பிரித்தானிய அறிவியலாளரும் அவருடைய மனைவியும் பத்து வயது மகளும் கொல்லப்பட்டபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செய்தியாளர்களும் அந்த இடத்தையே மிதித்துக் குழப்பிவிட்டார்கள். அவ்வழக்கில் காஸ்தோன் தொமினிசி என்ற முதிய விவசாயிக்கு 1954-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1960-இல் அவர் விடுதலையானார். உண்மையில் சுட்டது யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மூன்று வாரம் கழிந்தும் கதவு திறக்கப்படவில்லையே என்று பொறுமை இழக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரியவில்லை என்றதும் ஊரார் கொலை, தற்கொலை என்று பேசத் தொடங்கியிருப்பார்கள். பழைய கல்வீட்டில், கடுங்குளிரில், கணவனும் மனைவியும் ஒருசேர இறந்து கிடந்தார்கள் என்றால் எனக்கு முதலில் தோன்றும் ஐயம் கார்பன் மோனாக்சைடு. விறகு அடுப்போ பழைய கொதிகலனோ சரியாக எரியாதபோது வரும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்: குளிர்காற்று வருகிறதென்று சமையலறைச் சுவரின் காற்றுத்துளையை மரநிற ஒட்டுநாடாவால், ஓரம் பிசிறில்லாமல், அத்தனை நேர்த்தியாக ஒட்டி அடைத்திருந்தார்கள். பிரான்சில் 2015 மார்ச் முதல் வீடுகளில் புகை உணர்கருவி கட்டாயம். இந்த வாயுவைக் காட்டும் கருவி கட்டாயமில்லை. இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் மற்ற மருந்துகளையும் நஞ்சுகளையும் தேடும் முழு ஆய்வுக்குப் பல வாரங்கள் ஆகும். ஆகவே உடற்கூறாய்வு முடிந்தும் காரணம் சொல்லப்படாததில் வியப்பில்லை. வீட்டில் நாயோ பூனையோ இருந்ததா, அதற்கு என்ன ஆயிற்று, கொதிகலனைக் கடைசியாகப் பழுது பார்த்தது யார் என்பவற்றை உங்கள் மனைவி எழுத்தில் விசாரணையாளரிடம் தெரிவிக்கட்டும். அக்கம்பக்கத்தாரை நீங்களே விசாரிக்கப் போகாதீர்கள். சாட்சிகளின் நினைவைக் கலைத்ததாகிவிடும்.

உடல்களைப் பெறுவதற்குச் சட்டம் ஒரு கால அளவை வைத்திருக்கிறது. உடற்கூறாய்வு நடந்து ஒரு மாதம் கழிந்ததும், வாழ்க்கைத் துணையும் பெற்றோரும் பிள்ளைகளும் உடலைத் திருப்பித் தரும்படி வழக்குத்தொடுநரிடமோ விசாரணை நீதிபதியிடமோ கேட்கலாம். பதினைந்து நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். உங்கள் மனைவி தந்தைக்காக மட்டுமே இதைக் கேட்க முடியும். சிற்றன்னைக்காகக் கேட்க வேண்டியவர் அவருடைய மகன். ஐயத்துக்குரிய மரணத்தில் தகனம் செய்யவும் வழக்குத்தொடுநரின் அனுமதி தேவை.

அந்த அனுமதி கிடைத்துவிட்டாலும் அங்கே தகனம் வேண்டாம் என்கிறேன். காரணம் தெரியாத மரணம் ஒருவருக்கு வெளிநாட்டில் நேர்ந்திருந்தாலும், உடல் இங்கிலாந்துக்குள் வந்தால், அது வைக்கப்படும் பகுதியின் கொரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, விசாரணை நடத்தக் கடமைப்பட்டவர். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சாம்பலாக வந்தால் அந்த விசாரணை நடக்காது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம் செலவை எண்ணி அங்கேயே தகனம் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பிரெஞ்சு அறிக்கையில் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்தது. மறு ஆய்வுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கொரோனர் யாரையும் குற்றவாளி என்று அறிவிக்க முடியாது. யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்பதைத்தான் அவர் முடிவு செய்வார். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். தவிர, பிரெஞ்சு இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இடம்பெறாது. புதுச்சேரிக்காரர்கள் இன்றும் ‘மேரி’ என்று சொல்லும் அதே நகராட்சி மன்றம் தரும் அந்தத் தாளை மட்டும் நீட்டினால், காரணத்தைக் கேட்கும் இங்கிலாந்துக் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

இனி வீடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 வாரிசுரிமை விதி, 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழும் மரணங்களுக்குப் பொருந்தும். அதன்படி, இறந்தவர் நிலையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே பொதுவாகச் செல்லும். தம் குடியுரிமை நாட்டின் சட்டம் வேண்டுமென்று உயிலில் எழுதியிருந்தால் அது செல்லும். ஐக்கிய இராச்சியம் இதில் சேராவிட்டாலும் பிரான்ஸ் தன் மண்ணில் வாழ்ந்த பிரித்தானியர்க்கும் இதையே பொருத்துகிறது. எனவே இருவரின் உயில்களையும் முதலில் தேடுங்கள்.

உயில் இல்லை, பிரெஞ்சுச் சட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய திருமணத்துப் பிள்ளை இருக்கும்போது வாழ்க்கைத் துணைக்கு நான்கில் ஒரு பங்கு. உங்கள் மாமனார் ஒரு மணி நேரம் முன்னதாக இறந்திருந்தால், அவர் சொத்தில் கால்பங்கு மனைவிக்குப் போய், அங்கிருந்து அவர் மகனுக்குப் போகும். மனைவி முன்னதாக இறந்திருந்தால் அவருடைய கால்பங்கு இந்தப் பக்கம் வரும். வரிசையை எந்த வழியிலும் நிறுவ முடியாவிட்டால், பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்படி ஒருவர் மற்றவருக்கு வாரிசாகவே மாட்டார். அவரவர் சொத்து அவரவர் பிள்ளைக்கு. இங்கிலாந்தின் 1925-ஆம் ஆண்டுச் சட்டமோ இளையவரே பிந்தி இறந்தார் என்று அனுமானிக்கிறது. இங்கே இளையவர் சிற்றன்னை. அவருடைய மகனிடம் தீய எண்ணம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை; அவருடைய நலனும் உங்கள் மனைவியின் நலனும் ஒன்றல்ல, ஆகவே இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். இருவருக்கும் வெவ்வேறு நாட்டுச் சட்டம் பொருந்தி, வரிசையும் தெரியாமல் போனால், அந்த ஐரோப்பிய விதியின் 32-ஆம் பிரிவும் யாரும் யாருக்கும் வாரிசல்ல என்றே முடிக்கிறது.

வீட்டுப் பத்திரத்தில் ‘தொந்தீன்’ என்ற விதி இருக்கிறதா என்று நொத்தேரிடம், அதாவது சொத்துப் பத்திரங்களையும் வாரிசுரிமையையும் கவனிக்கும் பிரெஞ்சுச் சட்ட அலுவலரிடம், கட்டாயம் கேளுங்கள். மறுமணம் செய்த பிரித்தானியத் தம்பதியர் பலர் இதை விரும்பிச் சேர்ப்பதுண்டு. அதன்படி பிந்தி இறந்தவர் தொடக்கத்திலிருந்தே முழு உரிமையாளராகக் கருதப்படுவார். அப்படியானால் சில நிமிட வித்தியாசம் முழு வீட்டையும் ஒரு பக்கம் சாய்த்துவிடும். நேரத்தைக் கணிக்கும் தடயங்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். ஒருவர் மற்றவரைக் கொன்றார் என்று விசாரணை முடிவு செய்தால் நிலைமை வேறு: கொன்றவரும் இறந்துவிட்டதால் வழக்கு நடத்த முடியாமல் போயிருந்தாலும், அவரை வாரிசுரிமைக்குத் தகுதியற்றவர் என நீதிமன்றம் அறிவிக்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அம்மாவட்டத்தில் பணியாற்றும், ஆங்கிலம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை உங்கள் மனைவி அமர்த்திக்கொள்ளட்டும். மரண காரணத்தைக் கண்டறியும் விசாரணை, விசாரணை நீதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 80-4 பிரிவின்படி நெருங்கிய உறவினர் அதில் ‘பார்த்தி சிவில்’, அதாவது பாதிக்கப்பட்ட தரப்பு, எனச் சேரலாம். சேர்ந்தவரின் வழக்கறிஞருக்கு உடற்கூறாய்வு அறிக்கை உள்ளிட்ட கோப்பைப் பார்க்கும் உரிமை கிடைக்கும். கொலை என்று பதிவானால், வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி கோரலாம். வாரிசுரிமை வரிக்கான அறிவிப்பை, மரணம் பிரான்சில் நிகழ்ந்திருப்பதால், ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரணை இழுக்கிறது என்பதற்காக அந்தக் கெடு தானாகத் தள்ளிப்போகும் என்று எண்ணிவிடாமல், நாள்காட்டியில் ஐந்தாம் மாதத்திலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.