மண்டபம் மாணிக்கத்த சாகடிச்சிடலாமா?

கேள்வி: மூணு வருஷமா ரீல்ஸ்ல 'மண்டபம் மாணிக்கம்'னு ஒரு கல்யாண மண்டப மேனேஜர் கேரக்டர் பண்றேன், நல்லாவே ஓடுது. ஆனா சீரியஸ் ரோலுக்கு ஆடிஷன் போனா, "அந்த டயலாக்க ஒருதடவ சொல்லுங்க"ன்னு கேட்டு சிரிச்சுட்டு அனுப்பிடறாங்க. போன வாரம் 'ஃபிலோமினா' படம் பாத்து அழுதுட்டேன், அதுல ஜர்னலிஸ்டா வர்ற ஸ்டீவ் கூகன் இங்கிலாந்துல பெரிய காமெடியன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவரால எப்படி முடிஞ்சுது? நான் மாணிக்கத்த நிறுத்திடலாமா? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நிறுத்தாதீங்க. அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா உங்க லெட்டர படிச்சா நாளைக்கே அக்கவுண்ட்ட டெலீட் பண்ணிட்டு தாடி வளக்க ஆரம்பிச்சிடுவீங்க போல இருக்கு.

கூகன் கதைய நீங்க இடைவேளைக்கு அப்புறம் பாத்திருக்கீங்க. ஆளு 1965ல மான்செஸ்டர் பக்கத்துல மிடில்டன்ல பொறந்தவரு, மான்செஸ்டர் பாலிடெக்னிக்ல நடிப்பு படிச்சாரு, ஆனா பேர் வாங்கினது மிமிக்ரில, 'ஸ்பிட்டிங் இமேஜ்'னு டிவில ரப்பர் பொம்மைங்கள வச்சு அரசியல்வாதிங்கள கலாய்ப்பாங்க, அதுக்கு குரல் குடுத்தாரு. அங்கேர்ந்து சொந்தமா ஆளுங்கள உருவாக்கற பக்கம் வந்து, 1991ல பிபிசி ரேடியோ 4ல 'ஆன் தி ஹவர்'னு ஒரு நையாண்டி நியூஸ்ல ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டரா ஆலன் பார்ட்ரிட்ஜ்னு ஒருத்தன் வந்தான், கூகன் நடிச்ச கேரக்டர். ஸ்போர்ட்ஸ் தெரியாது, ஆனா வாய் மட்டும் மூடாது. 1992ல கூகனுக்கு எடின்பரோல பெரியர்னு காமெடி அவார்டு, 1994ல அதே ஆலனுக்கு டிவில டாக் ஷோ, அதுல "ஆஹா!"ன்னு ஒரு சவுண்டு விடுவான் பாருங்க, உங்க டயலாக் மாதிரியே அதுவும் கூகன விடாம ஒட்டிக்கிச்சு. அந்த ஷோவோட கடைசி எபிசோட்ல வந்த கெஸ்ட்டையே கை தவறி சுட்டுக் கொன்னுடுவான்.

இதுக்கு அப்புறம் பண்ணதுதான் எனக்கு முக்கியமா படுது. அதே கேரக்டர, அதே ஷோவ இன்னும் பத்து சீசன் ஓட்டியிருக்கலாம், ஓட்டல. 1997ல 'ஐயம் ஆலன் பார்ட்ரிட்ஜ்'னு வந்தப்போ ஆலனுக்கு டிவி ஷோ போயிடுச்சு, பொண்டாட்டியும் போயாச்சு, நார்விச்ல லோக்கல் ரேடியோல விடியக்காலைல யாரும் கேக்காத நேரத்துல பேசிட்டு, ரோட்டோரமா ஒரு சுமாரான ஹோட்டல்ல ரூம் போட்டு தங்கியிருக்கான். ஸ்டேஜ் கிடையாது, ஆடியன்ஸ் கிடையாது, மைக்க கீழ வச்சதும் இவன் யாருன்னு காட்டினாங்க. விழுந்து விழுந்து சிரிப்போம், ஆனா நடுவுல எங்கயோ நெஞ்ச பிசையும். சீரியஸ் நடிப்பு அங்கயே ஆரம்பிச்சாச்சுன்னுதான் நான் சொல்லுவேன், ஃபிலோமினால இல்ல.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, அவருக்கு பேர் வாங்கிக் குடுத்த சீரியஸ் ரோல்ங்க நெறைய ஆலனுக்கு பக்கத்து வீட்டுக்காரங்கதான். 2002ல '24 அவர் பார்ட்டி பீப்பிள்'ல மான்செஸ்டர் டோனி வில்சனா நடிச்சாரு, அந்த ஆளு டிவில நியூஸ் வாசிச்சுக்கிட்டே ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்னு மியூசிக் கம்பெனி நடத்தினவரு. ஃபிலோமினால வர்ற மார்ட்டின் சிக்ஸ்மித் முன்னாள் பிபிசி ரிப்போர்ட்டர். 2023ல 'தி ரெக்கனிங்'ல ஜிம்மி சாவில், பிபிசில கொடிகட்டிப் பறந்து செத்ததுக்கப்புறம் குழந்தைங்கள நாசம் பண்ணவன்னு வெளிய வந்த கொடூரன். எல்லாருமே மைக் புடிச்ச கைதான், ஆலன் கிட்ட இருந்த பகட்டும் பயமும் அங்க வேற நிறத்துல இருக்கு. (லாரல்-ஹார்டி ஜோடில ஸ்டான் லாரலா நடிச்சது இந்த கணக்குல வராது, ஒத்துக்கறேன்.) நடுவுல 2004ல ஜாக்கி சான் கூட 'அரவுண்ட் தி வேர்ல்ட் இன் 80 டேஸ்'னு ஹாலிவுட் ஹீரோவாவும் ஒரு தாவு தாவிப் பாத்தாரு, படம் ஊத்திக்கிச்சு.

அப்புறம் ஃபிலோமினா அவருக்கு தானா வந்த வாய்ப்பு இல்ல. பேப்பர்ல ஒரு கட்டுரைய படிச்சுட்டு, உரிமை வாங்கி, ஜெஃப் போப் கூட உக்காந்து அவரே எழுதினாரு. ஆஸ்கர்ல சிறந்த படத்துக்கும் திரைக்கதைக்கும் நாமினேஷன். ஆனா பாருங்க, அது வந்த அதே 2013லதான் 'ஆல்ஃபா பாப்பா'ன்னு ஆலனோட சினிமாவும் வந்துச்சு. சாகடிக்கல, கூடவே வச்சுக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் ஒதுக்கி வச்சிருந்து, 2010ல ராப், நீல் கிப்பன்ஸ்னு ரெண்டு புது ரைட்டருங்களோட ஆலன திரும்பக் கொண்டு வந்தாரு. கேரக்டருக்கும் வயசாகிக்கிட்டே வந்துச்சு.

உங்களுக்கு வருவோம். அடுத்த ஆடிஷன்ல டயலாக் கேட்டா மூஞ்ச தூக்கி வச்சுக்காம சொல்லிடுங்க, அது உங்க விசிட்டிங் கார்டு, அவங்க சிரிச்சு முடிச்சதும் "இப்ப சீன் பேப்பர குடுங்க சார்"னு கேளுங்க. எடுத்த எடுப்புல கொலைகாரன் ரோல் தேடாதீங்க, மாணிக்கம் மாதிரியே ஊருக்கெல்லாம் நல்லது கெட்டதுல ஓடியாடிட்டு தனக்குன்னு ஒண்ணும் இல்லாத ஆளு எந்த கதைல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நீங்களே எழுதுங்க.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வீடியோ எடுங்க, காமெடி வேணாம். ராத்திரி ரெண்டு மணி, ரிசப்ஷன் முடிஞ்சு பொண்ணு வீடு மாப்ள வீடு எல்லாரும் போயாச்சு, மாணிக்கம் தனியா ஹால்ல சேர் எண்றாரு. ஒண்ணு குறையுது. அவருக்கு வீட்ல இருந்து ஃபோன் வருதா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எடுத்துட்டு எனக்கும் அனுப்புங்க.