மல்பெரி மாத்திரையை நம்பி மருந்தை நிறுத்தலாமா?

மல்பெரிப் பழப் பாலிசாக்கரைடு மாத்திரை வாங்கியிருக்கிறேன், அப்பாவின் சர்க்கரை நோய் மருந்துகளான மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார், நிறுத்தாதீர்கள்.

பழத்தை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றில் ஆல்கஹால் ஊற்றினால் திரிதிரியாகக் கீழே படியுமே, அதுதான் பாலிசாக்கரைடு, சர்க்கரை மூலக்கூறுகள் பல சங்கிலியாகக் கோத்த பொருள். அது ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது என்கிற ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளிடம் செய்தவை. கடைக்காரர் சொன்னாரே டிஎன்ஜே, மல்பெரியில் இருக்கிற ஒரு வேதிப்பொருள், அது வேறு சரக்கு. அது இலையில்தான் அதிகம். குடலில் மாவுச்சத்து குளுக்கோசாக உடைவதைத் தாமதப்படுத்தும். மாத்திரையில் அதுவும் இருந்து, கிளிமிபிரைடோடு சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அதனால் டாக்டரிடம் டப்பாவையே காட்டிவிடுங்கள்.

பழம் பிடிக்குமென்றால் ஒரு கைப்பிடி அப்படியே சாப்பிடட்டும், வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையில்தான். பாட்டில் சிரப் மட்டும் ஆகாது, அதில் சீனிதான் அதிகம்.